சக்கை

கவாயோனில் என் பெயரை முழுதாகச் சொல்ல
ஒருவருக்கும் நேரமில்லை.
வளர்மதி, வால் ஆகிவிட்டேன்.
பொருத்தம்தான்.
பட்டறையின் தலைமாட்டில் ஒடில் நிற்கிறாள்.
பழத்தைப் பாதியாய் வெட்டி, உப்புத் தூவி,
வெட்டுமுகம் மேலே பார்க்கத் தட்டில் அடுக்குகிறாள்.
அவை சுருங்கி, எண்ணெயில் இறங்கி,
போத்தலில் ஏறிப் பாரிசுக்குப் போகும்.
வாலில் நான்.
சாறு பிழியும் திருகாணி துப்புவதை
வாங்கிக்கொள்பவள்.

நூறு கிலோ பழத்துக்கு நாலு கிலோ.
தோல், விதை, காம்படி வெள்ளைத் தசை.
படிவத்தில் அதற்குக் கழிவு என்று பெயர்.
நான் சக்கை என்கிறேன்.

அக்காவிடம் ஒருநாள் தொலைபேசியில்
"இண்டைக்கு மூண்டு தொன் சக்கை" என்றேன்.
அந்தப் பக்கம் பேச்சில்லை.
எனக்கும் அப்போதுதான் காதில் விழுந்தது,
எங்கள் பக்கத்தில் ஒரு காலம்
அந்தச் சொல் எதைச் சுமந்து திரிந்தது என்று.
"தக்காளிச் சக்கையடி."
சிரித்தோம்,
தேவைக்கு மேல் சத்தமாக,
யார் முதலில் நிறுத்துவதென்று தெரியாமல்.

தொட்டியில் கொட்டினால்
தோல் மிதக்கும், விதை தாழும்.
இவ்வளவு எளிதாகப் பிரிவதை
நான் வேறெங்கும் கண்டதில்லை.
விதை எண்ணெய்க்கு.
தோல் உலர்ந்து, மாவாகி, சாயம் எடுப்பவர்களுக்கு.
அவர்களும் வேண்டாம் என்பது
ஃபரித்தின் மச்சானுடைய ஆடுகளுக்கு.
ஆடுகள் இதுவரை எதையும் வேண்டாம் என்றதில்லை.

ஓகஸ்ட் பதின்மூன்று, உலர்த்தி நின்றுபோனது.
திருத்துபவர் கடற்கரையில் இருக்கிறார்,
இருபத்தைந்துக்குப் பிறகு எடுங்கள் என்றது
பதிவு செய்த குரல்.
மாலைக்குள் புளித்தது.
விடியுமுன் ஈ.
எட்டு மணிக்கு அயல்வீட்டு ரூவியேர்,
சட்டைக் கழுத்தை மூக்குவரை இழுத்துக்கொண்டு.
குழி வெட்டிப் புதைத்துவிடு என்றாள் ஒடில்.
தார்ப்பாய் இருக்கிறதா என்று கேட்டேன்.

லொறி நிற்கும் முற்றம் முழுக்க விரித்தோம்.
நானும் ஃபரித்தும், ஆளுக்கொரு விறாண்டி.
மணிக்கொரு தரம் புரட்டினோம்.
மதியம் தாண்டியதும் ஒட்டுவதை விட்டது.
நாலு மணிக்குச் சலசலத்தது.
ஈரமானி ஒன்பது காட்டியது.
உலர்த்தி ஒருநாளும் தராத சிவப்பு,
கையில் எடுத்தால் வெயில் ஊடுருவித் தெரிந்தது.
பெருமை தாங்காமல்
ஒடிலைக் கூட்டிவர உள்ளே போனேன்.

அவ்வளவு நேரம்தான்.
மிஸ்ட்ரால் சொல்லிக்கொண்டு வருவதில்லை.
தார்ப்பாயின் ஒரு மூலை எழுந்து
எங்களைத் திரும்பிப் பார்த்தது,
பிறகு முழுதாக எழுந்தது.
ரூவியேரின் காயப்போட்ட போர்வையில்,
நீச்சல் குளத்தில்,
நாளைய மாதா ஊர்வலத்துக்கு வெளியே எடுத்துத் துடைத்த
வெண்சுதைத் தோள்களில்,
முலாம்பழச் சந்தையின் ஒவ்வொரு குடையிலும்.
ஃபரித் விறாண்டியோடு ஓடினான்.
காற்றை விறாண்டப் போகிறானா என்று
ஒடில் கேட்டாள்.
அன்று அவள் பேசியது அது ஒன்றுதான்.

இரவு படிவத்தை நிரப்பினேன்.
சாயம், எண்ணெய், தீவனம், மற்றவை.
மற்றவைக்கு எதிரே: நாற்பது கிலோ.
பெற்றுக்கொண்டவர்: ஊர்.
ஒடில் வாசித்தாள், அடித்துவிட்டாள்,
கொஞ்சம் யோசித்து
அடித்ததன் மேலேயே திரும்பவும் எழுதினாள்.

மறுநாள் விடுமுறை.
ரூவியேர் வாசலில் நின்றார்,
கையில் பாண் சுற்றிவரும் கடதாசிப் பை.
குளத்து வலையில் அள்ளியதாம்.
குளோரின் மணம்.
ஆட்டுக்கும் ஆகாது, சாயத்துக்கும் ஆகாது.
"உங்களுடையது" என்றார், கோபமில்லாமல்.
வாங்கி, தராசில் வைத்தேன்.
முன்னூற்றிருபது கிராம், ஈரத்தோடு.
போகாமல் நின்றார்.
அவர் பார்த்துக்கொண்டிருக்க
ஒரு தட்டில் பரப்பி,
நாலு மூலைக்கும் கல் வைத்தேன்.