காட், இரண்டு

ஸ்டேப்ளர் முள்ளைப் பிடுங்கிப் பிடுங்கி
வெர்னாவின் நகக்கண் எரிகிறது.
வெளியே பர்ஜியோ துறையில் மூடுபனி.
உள்ளே ஸ்கேனரின் வெளிச்சம்
போவதும் வருவதுமாக.

டாக்டர் நோஸ்வொர்தியின் கிறுக்கலைக்
கணினி ஒருமாதிரி படித்துவிட்டது:
அறுபத்தோரு பேருக்கு
காட் மீன் ஒவ்வாமையாம்.

இந்த ஊரிலா?

பெட்டியைக் கிளறிப் பழைய தாளை எடுத்தாள்.
ஓரத்தில் பென்சிலில்: காட், இரண்டு.
இன்னொன்றில்: காட், ஒன்று, பெரியது.
ஒவ்வாமை இல்லை. ஃபீஸ்.

ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே வந்தாள்.
தொண்ணூற்றிரண்டு ஜூலையில்
காட் பிடிக்கக் கூடாதென்றார்கள்.
அதற்குப் பிந்திய தாள்களில்
இருமல் இருக்கிறது, முதுகுவலி இருக்கிறது,
தூக்கமின்மை புதிது;
ஓரம் மட்டும் வெறும் வெள்ளை.

கடைசியாக அப்பாவின் கோப்பு.
அந்த ஜூலைக்குப் பிறகு
அவர் தட்டில் மீன் விழுந்ததே இல்லை.

அதை அழிக்கவில்லை,
சேமி என்று தட்டினாள்.