பின்கோடு வாரியாக

ஹொன்னப்பா சாருக்கு வண்ணத்தில் வேண்டுமாம்.
எண்ணாகக் கொடுத்தால் மேலே இருப்பவர்கள் படிப்பதில்லை.
அதனால் இந்தச் செவ்வாய் மதியம்
பெங்களூருக்குச் சாயம் பூசிக்கொண்டிருக்கிறேன்.
பத்து மனுவுக்குக் கீழே வெளிர்மஞ்சள்,
ஐம்பது வரை ஆரஞ்சு,
அதற்கு மேல் சிவப்பு.
நானே வைத்துக்கொண்ட கணக்கு.

பீன்யா
ஜூனில் மஞ்சள், ஆகஸ்டில் ஆரஞ்சு.
அங்கே மெதுவாகத்தான் பரவும்.
இரண்டாம் ஸ்டேஜில் ஒரு பவுடர் கோட்டிங் ஷெட்
ஷட்டரை இறக்கினால்
பதினைந்து நாள் கழித்துப் பின்தெருவில்
ஸ்பிரிங் சுற்றுகிறவர்கள் வருகிறார்கள்.
இரண்டு ஷெட்டுக்கும் டீ கொண்டுபோன குப்புராஜ்
வரவே மாட்டார். அட்டை கிடையாது.
டீக்கு நிறம் ஒதுக்கவில்லை.

பொம்மனஹள்ளிக்கு வேறு தாளம்.
கார்மெண்ட்ஸில் ஒரு லைனை எடுத்தால்
அறுபத்திரண்டு பெண்கள், ஒரே தேதி, ஒரே காரணம்,
அறுபத்திரண்டு படிவமும் ஒரே கையெழுத்தில்.
அந்த லைனில் ஆங்கிலம் எழுத வருகிறவள் ஒருத்திதான்,
தேவகிருபை.
எல்லோருக்கும் நிரப்பிவிட்டுக் கடைசியில் தனக்கு எழுதும்போது
பிறந்த வருஷம் தப்பிவிட்டது.
சிஸ்டம் அறுபத்தொன்றை எடுத்துக்கொண்டது.

தொண்ணூறு நாள். பாதிச் சம்பளம். ஆயுளில் ஒருமுறை.
கவுண்டரில் இதைக் கன்னடத்திலும் தமிழிலும்
ஒடிசாப் பெண்களுக்கு என் ஓட்டை இந்தியிலும்
தினம் நாற்பது தடவை சொல்கிறேன்.
எந்த மொழியில் சொன்னாலும்
அந்தக் கடைசி வார்த்தையில்தான் தலை நிமிர்கிறது.
"மறுபடி போச்சுன்னா?" என்றார்
ஸ்ரீராம்புரத்து ஞானப்பிரகாசம்.
நான் பதில் சொல்லவில்லை.
டோக்கனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்தார்.
இதைவிட மோசமான நாளுக்கு எடுத்து வைக்கிறாராம்.
அவர் போன பிறகு
ஏஜென்சி கொடுத்த என் அட்டையை
ஒருமுறை எடுத்துப் பார்த்தேன். சும்மாதான்.

ஒயிட்ஃபீல்டு வெள்ளையாகவே கிடக்கிறது.
ஹொன்னப்பா சாருக்கு அதில் திருப்தி.
"நோடி, அல்லி ஏனூ தொந்தரெ இல்லா."
அங்கே சம்பளம் எங்கள் வரம்பைத் தாண்டியது,
வேலை போனாலும் எங்கள் படிவத்தில் விழாது.
எங்கள் தெருமுனை ஷிரீஷ்
நான்கு மாதமாக எட்டரைக்குக் கிளம்புகிறான்,
அதே பை, அதே ஷூ,
பர்ப்பிள் லைனில் அதே கடைசிப் பெட்டி.
கழுத்து அட்டை மட்டும்
எப்போதும் திரும்பித் தொங்குகிறது.

சில பழைய தெருக்களில் கதவில் எழுதியிருப்பார்கள்,
நாளெ பா.
ராத்திரி தட்ட வந்த பேய் அதைப் படித்துவிட்டுத் திரும்பிப் போகும்,
மறுநாளும் வந்து படிக்கும்.
பேய்க்கு எழுத்துத் தெரியும் என்று
நம்பிய ஊர் இது.
சர்வர் படுத்துவிட்ட வியாழக்கிழமை
முப்பத்தெட்டுப் பேரிடம்
மரியாதை விகுதி சேர்த்துச் சொன்னேன்,
நாளெ பன்னி.

வந்தார்கள்.

நாலரைக்கு சார் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.
சிவப்பு கொஞ்சம் ஜாஸ்தியாகத் தெரிகிறதாம்.
நூறுக்கு மேல் வைத்துக்கொள்ளலாமே என்றார்.
ஒரே ஒரு கட்டத்தில் ஐம்பதை நூறாக்கினேன்.
பொம்மனஹள்ளி ஆரஞ்சுக்கு இறங்கியது,
பீன்யா மஞ்சளுக்கு.
ஜன்னலில் மழை தொடங்கியிருந்தது,
சார் ஹெல்மெட்டைத் தேடிக்கொண்டு போனார்.

எல்லோரும் போன பிறகு
ஆதார் நகலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து
தொண்ணூற்று எட்டை எண்பத்தொன்பது ஆக்கினேன்.
படத்தில் எதுவும் மாறவில்லை.
பொம்மனஹள்ளியின் மூலையில்
ஒரு எண் மட்டும்
ஒன்று ஏறியது.