நாலாம் நிமிஷத்தில் ஒரு கூச்சல்

கல்யாணவீட்டு வீடியோவுக்குப் பின்னணி சேர்ப்பேன்.
ஐஸ்கிறீம் வண்டிக்கு விளம்பரம் பதிவேன்.
தேர்தல் வந்தால் மூன்று கட்சிக்கும் ஒரே தொண்டை,
என்னுடையதுதான்.
ஹார்ட் பாப் என்றால் என்னவென்று
பல்தசார் சொல்லித்தான் தெரியும்:
"ஜாஸ்தான் தம்பி. ஆனால் வேர்த்திருக்கும்."

உட்துறைமுக வீதியில் என் ஸ்ரூடியோ
முன்னம் ஐஸ் கொம்பனியின் குளிரறை.
சுவர் முழுக்க முட்டை மட்டை, இரண்டு மெத்தை.
மழை பெய்தால் மெத்தை
இன்னும் சூரை மீன் மணக்கும்.

பல்தசாருக்குப் பகலில் லேத் பட்டறை,
நகக்கண்ணில் கிறீஸோடு ட்ரம்பெற்.
சக்ஸபோன் குணநாயகம்
பொலிஸ் பாண்டில் இருபத்திரண்டு வருஷம்
நிமிர்ந்து நின்று ஊதியவர்,
இங்கே சுவரில் சாய்ந்துதான் ஊதுவார்.
பெர்னதெத்தின் பியானோ உழவு மெஷினில் வந்தது,
வழியில் ஒரு கட்டை ஊமையாகிவிட்டது.
அந்தச் சுரத்தைச் சுற்றிப் போக
அவள் விரல் பழகிக்கொண்டது.
பேஸ் வாசிக்கும் விதானகே
சிங்களத்தில் எண்ணுவான், தமிழில் பிழை விடுவான்.

மஸாஹிர் கடைசியாக வந்தான்,
கிண்ணியாப் பெற்றோல் வரிசையிலிருந்து நேரே.
புறங்கையில் நீல மையில் 317.
இரண்டு இரவுக்கு இரண்டு லீற்றர்.
சீனக்குடாக் காட்டுக்குள்
வெள்ளைக்காரன் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள்
பாதி வெறும் வயிற்றோடு நிற்கிற ஊரில்
தண்ணிப் போத்தலில், சட்டைக்குள் மறைத்து,
ஒரு அல்பத்தின் கடைசிப் பாட்டுக்கான எரிபொருள்.

ஜெனரேற்றரைப் பின்வளவில் வைத்து
சத்தம் வராமலிருக்க மணல்மூட்டை அடுக்கினோம்.
மணல்மூட்டை அடுக்க
இங்கே யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை.

முதல் பதிவில்
மான் ஒன்று வாசல் வாளியைக் கவிழ்த்தது.
இரண்டாவதில் பாங்கு.
மஸாஹிர் குச்சிகளைக் கீழே வைத்தான்,
மற்றவர்கள் தேத்தண்ணி குடித்தோம்.
மூன்றாவதில் ஒரு பிழையுமில்லை.
"பொலிஸ் பாண்ட் மாதிரி" என்றாள் பெர்னதெத்
யார் முகத்தையும் பார்க்காமல்.

நாலாவது.
இரண்டு குழலும் ஒரே வாயால் ஏசுவதுபோல் தொடங்கின.
பேஸ் நடந்தது,
சோதனைச்சாவடி எடுத்த வீதியில்
அடையாள அட்டையை வீட்டில் விட்டுவிட்டு
ஒருவன் நடக்கிற நடை.
மஸாஹிரின் சிம்பல் அதை முன்னே தள்ளியது,
தள்ளு தள்ளு, வரிசை நகருது.
குணநாயகத்துக்கு இரண்டு சுற்று என்று பேச்சு.
அவர் ஐந்தாவதுக்குள் போனார்.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று
பெற்றோல் பெற்றோல் என்று கை காட்டினேன்.
கண்ணை மூடியவருக்கு எந்தக் கை?

அப்போதுதான்,
அட்டவணையில் இல்லாத நேரத்தில்,
கரண்ட் வந்தது.

விசிறிச் சுவிச்சை அணைக்க மறந்தது நான்.
அது ஒருமுறை முனகி, டக் டக்கென்று சுற்றத் தொடங்கியது.
வெளியே வீதி முழுக்கப் பிள்ளைகள்
ஓஓஓ என்று கத்தினார்கள்,
யாரோ கை தட்டினார்கள், ஒரு சட்டி விழுந்தது.
முட்டை மட்டையையும் மெத்தையையும் தாண்டி
எல்லாம் மைக்குக்குள் வந்து உட்கார்ந்தது.

குணநாயகம் கண் திறக்கவில்லை.
அந்த ஓவை அப்படியே குழலில் வாங்கி
முறித்து, கீழே இறக்கி, திருப்பிக் கொடுத்தார்.
மஸாஹிர் விசிறியின் டக் டக்கோடு சண்டைக்குப் போனான்.
பெர்னதெத் சிரித்துவிட்டாள்.
அவள் சிரிப்பும் இருக்கிறது, கேட்டுப் பாருங்கள்,
நாலாம் நிமிஷம், இடது ஸ்பீக்கரில்.

அழித்துவிடலாம் என்றேன்.
"விசர் வேலை பார்க்காதே" என்றார் பல்தசார்,
"எங்களுக்குக் கை தட்ட
இந்த ஊரில் வேறு யார் வரப்போறான்?"

போன மாதம் ஒஸ்லோவிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார்:
எந்த மண்டபம்? எத்தனை பேர் வந்தார்கள்?
இன்னும் பதில் போடவில்லை.

போத்தலில் கொஞ்சம் மிஞ்சியிருந்தது அன்றைக்கு.
மோட்டார்சைக்கிளுக்கு ஊற்றிக்கொண்டு
மஸாஹிர் பாலம் தாண்டிப் போனான்.
317 வேர்வையில் கரைந்து
31 மட்டும் நின்றது.