சகரத்துக்கும் தகரத்துக்கும் நடுவே

வருகைப் பதிவேட்டில்
சகரம் என்னோடு முடியும். சேர்மக்கனி.
தகரம் தங்கபுஷ்பத்தில் தொடங்கும்.
நடுவே நீ ஒருத்தன்.
ஓர் எழுத்து முழுவதும் உனக்கு.

தாராவி மாநகராட்சிப் பள்ளி, தமிழ் வழி, ஏழு ‘ஆ’.
மூன்றாம் மாடி ஜன்னலில்
தோல் பதனிடும் வாடை
மதியம் வரை எங்களோடு உட்கார்ந்திருக்கும்.
மாஹிம் கழிமுகத்தில் நான் நண்டு பிடிக்கப் போன நாட்களில்
“உள்ளேன் ஐயா” என்று என் குரலில் சொல்லிவிட்டு
மூச்சு விடாமல்
உன் குரலில் இன்னொன்று சொல்வாய்.
குரல் உடைந்த வருஷம்
இரண்டும் ஒரே கரகரப்பாகிப்போய்
இருவரும் பெஞ்சின் மேல் நின்றோம்.

கிழிந்த அகராதியில் உன் எழுத்துக்கு
ஒன்றரைப் பக்கம்தான்.
ஞாயிறு, ஞாலம்,
“ஞண்டுன்னா நீ பிடிக்கப் போறதுல”
என்று படித்துக்கொண்டே வந்து
கடைசியில் கண்டெடுத்தாய்: ஞமலி.
அன்றிலிருந்து தொண்ணூறு அடி ரோட்டில்
எந்த நாயும் நாயில்லை.
“ஏ ஞமலி” என்பாய்.
அவை உன்னை நம்பின.

பிறகு இந்த ஊர் உன் பெயரை
அதனதன் வாய்க்கு நறுக்கிக்கொண்டது.
மராத்தியில் நீ த்ஞானதேவ்.
இந்தியில் கியான்.
பெல்ட் பட்டறையில் அதோடு ஒரு பாய் சேர்ந்தது.
ரேஷன் அட்டையில், பாங்கில், ஆதாரில்
கியான் த்ரவ்யா.
திருத்தச் சொன்னேன்.
“எதுக்குல? கூப்பிட்டா திரும்பத் தெரியுது, போதும்.”

நான் டோம்பிவிலிக்குப் போனேன்.
பதினோரு வருஷத்தில் நான்கு தடவை பார்த்தோம்.
ஒரு தடவை, என் வயிற்றைப் பார்த்துச் சிரித்து
நீ தைத்த பெல்ட்டில் நீயே இன்னொரு துளை போட்டாய்.
இரண்டு தடவை சயான் பாலத்தில்
எதிரெதிர்க் கூட்டத்தில்
கை மட்டும்.
இன்னொன்று எங்கே என்று
நினைவு வரவில்லை.

குர்லா பிளாட்பாரத்தில் பட்டறைப் பையன் சொன்னான்,
“மஞ்சக்காமாலை அண்ணே. கியான் பாய் தவறிட்டார்.”
எந்தக் கியான் பாய் என்று கேட்டேன்.
அவன் சொல்வதற்குள் கூட்டம் அவனைப் பெட்டிக்குள் தள்ளியது.
கையில் வடாபாவ்.
அதைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டும்.
முழுக்கத் தின்றேன், பச்சை மிளகாய் உட்பட.
அடுத்த ரயிலில் ஏறி
தாணேயைத் தாண்டிய பிறகுதான்
உறைத்தது.

ரூபாவதி இறப்புச் சான்றிதழோடு வந்தாள்.
“பேர்ல பிழை அண்ணே. இன்சூரன்ஸ்காரன் திருப்பி அனுப்பிட்டான்.”
வாங்கிப் பார்த்தேன்.
சயான் ஆஸ்பத்திரியில் யாரோ ஒரு நர்ஸ்,
நாசரேத்தோ நாங்குநேரியோ அவள் ஊர்,
உன் பெயரை
ஓர் எழுத்தும் சிதையாமல் எழுத வைத்திருக்கிறாள்.
ஞானதிரவியம்.
இத்தனை வருஷத்தில் முதல் தடவை.
அதுதான் பிழை.

பாந்த்ரா கோர்ட்டுக்கு வெளியே
தகரக் கூரைக்குக் கீழே முத்திரைத்தாள்.
சேர்மக்கனியாகிய நான் அறிவேன்,
மேற்படி ஞானதிரவியமும் த்ஞானதேவும் கியான் த்ரவ்யாவும்
மூவரும் ஒருவரே.
“எத்தனை வருஷப் பழக்கம்?” நோட்டரி கேட்டார்.
ஏழாம் வகுப்பிலிருந்து.
“ஆதாரம்?”
அடுத்தடுத்த பெயர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன்.
பதிவேடு இல்லை.
பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் இப்போது
கார்கள் நிற்கின்றன.
ஆதார் அட்டையை நீட்டினேன்.

காகிதத்தில் இனி எப்போதும் நீ கியான்.
அடியில் இருக்கும் கையெழுத்து என்னுடையது.

வெளியே படியில்
காது நுனி வெட்டிய நாய் ஒன்று படுத்திருந்தது.
யாரும் பார்க்கவில்லை என்று பார்த்துக்கொண்டு
ஞமலி என்றேன்.
அசையவில்லை.
உன் குரலில் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.
பின்னால் ரூபாவதி பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தாள்.
அந்தச் சத்தத்துக்கு
எழுந்து வந்தது.