கிலோவின் நிறை

"ஒரு கிலோ, ஒரு கிலோ நிறை இருக்கும்" என்றாள் மரிவோன்,
லீக் தண்டை நறுக்கியபடி.
"இதைச் சரிபார்க்க எவனும் வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டாம்.
சொல்லின் பொருளே சாட்சி.
உலகத்தைக் கூப்பிடாதே."

அவள் மெதோனில் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தத்துவம் எடுப்பவள்.
நான் செவ்ரில் அந்தக் கிலோவைக் கழுவியவன்.

மூன்று சாவிக்காரர்கள் கூடினால்தான் திறக்கும் பெட்டகம்.
கண்ணாடி மூடிக்குள் கண்ணாடி மூடி.
உள்ளே, கோழிமுட்டை உயரம்கூட இல்லாத
பிளாட்டினம் இரிடியம் உருளை.
அது தேய்ந்தாலும் தேயாது,
தேய்ந்தபின் உள்ளதே கிலோ.
நிறையில் குறை என்ற பேச்சுக்கே இடமில்லை.

நகல்களை அருகில் வைத்து நிறுத்த வருஷம்
ஒரு விரல்ரேகைப் பிசுக்களவு வித்தியாசம்.
எது மாறியது?
உருளையை ஒருவரும் சொல்லவில்லை.
நகல்கள் கனத்துவிட்டன என்று எழுதினோம்.
ஒஸ்லோவில் வெண்ணெய், ஒசாகாவில் அரிசி,
மரிவோனின் பூனை, பெயரில்லாத நட்சத்திரங்கள்,
எல்லாம் அன்று ஒரு துளி கனத்தன.
"பார்த்தாயா" என்றாள்.

பார்த்தேன்தான்.
அவளிடம் சொல்லாதது ஒன்று உண்டு.
விதிக்கு அடியில் பொடி எழுத்தில் இன்னொரு விதி:
கழுவிய கையோடு இருக்கும் நிறையே கிலோ.
கழுவுவது என்றால்
ஈதரும் சாராயமும் ஊறிய மெல்லிய தோலால்
இன்ன அழுத்தம், இத்தனை சுற்று, பிறகு நீராவி.
என் கட்டைவிரலுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.
அந்த வாரம் எனக்குக் காய்ச்சல் வேறு.
பொருள் மட்டுமே தாங்கி நின்ற வாக்கியத்துக்கு அடியில்
கையுறைக்குள் நடுங்கிக்கொண்டு
என் கை இருந்தது.

இரண்டாயிரத்துப் பத்தொன்பது, மே இருபது.
கிலோவை ஒரு மாறிலியிடம் ஒப்படைத்தார்கள்.
உருளையை யாரும் தொடவில்லை.
அதே இருட்டு, அதே மூடிகள்.
அணு ஒன்றும் நகராமல்
ஒரு வாக்கியத்துக்குப் பொய்யாகும் உரிமை கிடைத்தது.
பாவம், அன்றைக்குத்தான்
அதற்கும் எடை என்று ஒன்று வந்தது.

மரிவோன் வெகுநேரம் பேசவில்லை.
"பழைய வாக்கியம் வேறு, புதியது வேறு" என்றாள் கடைசியில்.
"சொல் ஒன்று, பொருள் இரண்டு."
இருக்கலாம்.
எந்த நொடியில் இரண்டானது என்று கேட்டேன்,
கிரீன்விச் நள்ளிரவிலா, நம் நள்ளிரவிலா?
அவள் விடைதேடிக் கரண்டியை உயர்த்த
சூப் பொங்கி
அடுப்பெல்லாம் வழிந்தது.