ஆயிரத்து இருநூறு டாலர், வரியோடு

ஹைட்ரோ பில்லின் பின்பக்கத்தில் பட்டியல் எழுதினேன்.
முன்பக்கத்தில் கட்டவேண்டிய நூற்று முப்பத்தெட்டு,
பின்பக்கத்தில் கட்டாயமில்லாத ஆயிரத்து இருநூறு.
வரியை முதலிலேயே கழித்துவிட்டேன்.
அதை மறப்பவர்கள்தான் காசாளர் முன்னால் நின்று
எதைத் திருப்பிக் கொடுப்பதென்று யோசிப்பார்கள்.

ஸ்கார்பரோ. ஜனவரி. பேஸ்மென்ட்.
வீட்டுக்காரர் மேலே,
சூட்டைக் கூட்டும் பொத்தானும் மேலே.

ப்ராசஸர் ஆறு கோர் போதும்.
பக்கத்துத் தட்டிலிருந்து எட்டு கோர் பெட்டி
என்னைப் பார்த்தது. நான் பார்க்கவில்லை.
சரி, பார்த்தேன்.
நூற்றுப் பத்து டாலர் கூட.

மதர்போர்டைத் தாய்ப்பலகை என்கிறார்கள்.
என் காசுக்கு வாய்த்தது சித்திப்பலகை:
வைஃபை இல்லை, மினுக்கும் இல்லை,
சொன்ன வேலைக்கு வரும்.
வைஃபைக்குப் பதில்
மாடிப்படி நெடுக முப்பதடி வயர்.

நீரால் குளிரூட்டுவது: வெட்டினேன்.
தண்ணீர் இங்கே சுவரிலேயே வருகிறது.
வானவில் விளக்குகள்: வெட்டினேன்.
கண்ணாடிக் கதவு: வெட்டி,
திரும்ப எழுதி, திரும்ப வெட்டினேன்.

வேலையிடத்தில் வாகீசன் சொன்னான்:
"பவர் சப்ளையில மட்டும் கைய இறுக்காதையுங்கோ அக்கா.
அது செத்தால் மற்றதுகளையும் உடன்கட்டை ஏத்தும்."
உவமை எனக்குப் பிடிக்கவில்லை.
ஆனாலும் அறுநூற்றைம்பது வாட், நல்லதாகவே வாங்கினேன்.

கிராஃபிக்ஸ் கார்டுக்கு மிஞ்சியது முன்னூற்றெண்பது.
புதிதுக்கு அது முன்பணம்கூட இல்லை.

வார்டன் ஸ்டேஷன் கார் நிறுத்துமிடம், இரவு ஏழு,
மைனஸ் பத்தொன்பது.
பிரெண்டன் என்று பெயர் சொன்ன பெடியன்
கார்டைக் குழந்தைத் துவாயில் சுற்றி வைத்திருந்தான்.
நானூறு என்றான்.
முன்னூற்றெண்பது என்றேன்.
பின்சீட்டில் பிரிக்காத தொட்டில் பெட்டி.
நானூறு கொடுத்தேன்.

"மகனுக்கா?"
"எனக்கு."
ஒரு கணம் வாயிலிருந்து புகை மட்டும் வந்தது.
பிறகு, அதுவரை விற்றவன்,
விளையாடுபவனாகப் பேசினான்:
"வீட்டுக்குப் போன உடனே செருகாதீங்க.
குளிரிலிருந்து வருது, வியர்க்கும்.
ரெண்டு மணி நேரம் விடுங்க."

மேசையில் வைத்தேன்.
உண்மையாகவே வியர்த்தது.
தகடுகளின் இடுக்கெல்லாம் வெண்பனி மூச்சு.
ஷிஃப்ட் முடிந்து வந்த எனக்கும்
இப்படி இரண்டு மணி நேரம்
யாராவது கேட்டுக் கொடுத்திருக்கலாம்.
தேநீரை மேசையில் வைக்காமல்
தூர நின்று குடித்தேன்.
ஈரம் ஒரு மூலையிலிருந்து
மெதுவாகப் பின்வாங்கியது.

பிறகு பூட்டினேன்.
பசை பயறளவு.
தொலைந்த திருகாணி என் காலுறைக்குள்.
நள்ளிரவு தாண்டிப் பொத்தானை அழுத்த,
விசிறிகள் சுற்றின. திரை கறுப்பு.
ரேமைக் கழற்றிப் போட்டேன். கறுப்பு.
கார்டைக் கழற்றிப் போட்டேன். கறுப்பு.
துவாய், தொட்டில், இருபது டாலர்
எல்லாம் ஒருமுறை சந்தேகமாய்த் திரும்பி வந்தன.

ஒன்று பத்துக்கு வாகீசனை எழுப்பினேன்.
தூக்கக் குரலில் ஒரே கேள்வி:
"ஸ்கிரீன் வயர எங்க செருகியிருக்கிறியள்?"

சித்திப்பலகையில்.

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை,
வயரைக் கார்டுக்கு மாற்றும்வரை.

முதல் ஆட்டத்தில்
ஆறே நிமிடத்தில் செத்துப்போனேன்,
வாசல் எந்தப் பக்கமென்று தெரியாமலே.
கார்டு எழுபத்தொரு பாகை.
மேசைக்கு அடியில் வெதுவெதுப்பு பரவ
காலுறையைக் கழற்றி எறிந்தேன்.
மேலே பர்னஸ் நின்ற சத்தம்.
நிற்கட்டும்.