ரசமட்டம்

க்டினியா துறைமுகத்தில் இருபத்திரண்டு வருடம்
நாற்பது மீட்டர் உயரக் கண்ணாடிக் கூண்டில்
காலடியில் கப்பலைப் பார்த்தபடி வேலை செய்தவர் இரெனேயுஷ்.
பால்டிக் காற்று கிரேனையே ஆட்டும் நாட்களில்
ஒரு கையால் ரொட்டி தின்பார்.

இப்போது கிரேனில் ஆள் இல்லை.
ஆள் இருப்பது அலுவலகத்தின் தரைத்தளத்தில்,
சுழல் நாற்காலியில், ஹெட்செட்டுக்குள்.
பயிற்சியின் முதல் நாள்
ஏழாவது நிமிடத்தில்
காலையில் குடித்த புளித்தமாவு சூப்
புதுக் கம்பளத்தின் மேல்.

யாரும் சிரிக்கவில்லை.
அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

அதனால் இந்த வியாழக்கிழமை.
பல்கலைக்கழகம், அறை எண் 118,
ஜன்னலுக்கு வெளியே அழுக்குப் பனி.
லுட்மிவா தையல்காரியைப்போல நாடா பிடித்து அளக்கிறாள்:
மூக்குத்தண்டின் பள்ளத்திலிருந்து பிடரி மேடு வரை,
ஒரு காதிலிருந்து மறு காது வரை.
வலக்காதுக்குச் சற்று மேலே, சற்றுப் பின்னே
மையால் ஒரு புள்ளி.
உப்புத் தண்ணீரில் ஊறிய இரண்டு பஞ்சு,
ரப்பர் பட்டை,
பழைய டிரான்சிஸ்டர் அளவில் ஒரு பெட்டி.
“எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். கடிக்காது.”
கழுத்தில் வழிகிறது உப்புநீர்.
“மண்டையைத் திறக்க வேண்டாமா?”
“வேண்டாம்.”
“நல்லது. உள்ளே பார்த்தால் பயந்துவிடுவீர்கள்.”

நூறு பேருக்குச் சொன்னதை அவருக்கும் சொல்கிறாள்:
காதுக்குள், எலும்புக்குள்,
கொத்தனாரின் ரசமட்டம்போல் ஒன்று இருக்கிறது.
நீ அசையவே இல்லை என்கிறது அது.
கண்ணோ, கன்டெய்னரோடு பறக்கிறேன் என்கிறது.
இரண்டு சாட்சியும் இரண்டு விதமாய்ச் சொன்னால்
தீர்ப்பை வயிறு எழுதிவிடும்.
இந்தச் சின்ன மின்சாரம்
காதின் வக்கீலைக் கொஞ்சம்
தாழ்ந்த குரலில் பேசச் சொல்லும்.
சிலருக்கு.
அந்தச் சொல்லை அவள் எப்போதும் விழுங்குவதில்லை.

கண்ணால் காண்பதும் பொய்,
காதால் கேட்பதும் பொய்,
தீர விசாரிப்பதே மெய் என்பார்கள் நம் பக்கம்.
மெய் என்றால் உண்மை. மெய் என்றால் உடம்பு.
அறை 118இல் இரண்டும் ஒரே நாற்காலியில் இருந்தன,
மடியில் ஒரு நீல வாளியோடு.

நிமிடத்துக்கு ஒருமுறை கேட்கிறாள்,
பூஜ்யத்திலிருந்து இருபதுக்குள் எவ்வளவு?
இரண்டு.
இரண்டு.
நாலு. சரக்கு தொங்கி ஆடுகிறது.
நாலு.
ஏழாவது நிமிடம்.
வாளியின் விளிம்பில் விரல்கள் வெளுக்கின்றன.
ஒன்பது.
வாயில் எச்சில் ஊறி, ஊறி,
இறங்கிவிடுகிறது.
எட்டு.
ஆறு என்று வையுங்கள்.
பதினான்காம் நிமிடத்தில் அவளே நிறுத்துகிறாள்.

ஹெட்செட்டைக் கழற்றிய முகத்தில்
சிவப்பாய் ஒரு சட்டம் பதிந்திருக்கிறது.
மகிழ்ச்சி இருக்கும் என்று தேடுகிறாள்.
“பொய் சொன்னது கண்,” என்கிறார்.
“நீங்கள் வாயைப் பொத்தியது காதுக்கு.”

பிறகு, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி:
“மச்சினன் ஏப்ரலில் படகை இறக்குவான்.
கடல் நிஜமாகவே ஆடும்போது
இது எனக்குச் சொல்லுமா?”
“கொஞ்ச நேரத்தில் இதன் வேகம் அடங்கிவிடும்,
எங்களுக்குத் தெரிந்தவரை.”
“தெரியாதவரை?”

படிவத்தின் கடைசி வரியில்,
‘பிற’ என்ற இடத்தில்,
அவர் கேட்டதை அப்படியே எழுதுகிறாள்.
கட்டம் போதவில்லை. பின்பக்கமும் எழுதுகிறாள்.

வெளியே நிறுத்தத்தில்
தலைமேல் இரண்டு கழி நீட்டி
கம்பியிலிருந்து மின்சாரம் உறிஞ்சியபடி வருகிறது டிராலிபஸ்.
ஏறுகிறார். காலி இருக்கை இருந்தும் உட்காரவில்லை.
மலைப்பாதை வளைவில்
எதையும் பிடிக்காமல்
கண்ணை மூடி நிற்கிறார்,

இடப்பக்கம், இப்போது வலம்,
இப்போது பிரேக்
என்று தனக்குள் எண்ணிக்கொண்டு.